ஆற்றைப் பார்த்துக் கண் திறந்த கப்பல்

சின்னமனூருக்கும் கூடலூருக்கும் நடுவில் ஓடுகிற பழைய ஜீப்புகளில் நான் பாடி கட்டாத ஜீப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பின் பின்பக்கத்தை நீட்டினால் மலைரோட்டில் மூக்கைத் தூக்கிவிடும் என்று எல்லாரும் பயந்த காலத்தில், ஒரு முழம் நீட்டி ஓட்டிக் காட்டியவன் நான். எங்கள் பக்கத்துத் திராட்சைப் பந்தலில் கல்லுக்காலைப் பிடுங்கிவிட்டு இரும்புக்கால் ஊன்றியவன் நான். தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் தேர் அச்சு முறிந்து திருவிழா நின்றுபோகும் என்று இருந்தபோது, கோயில் மண்டபத்திலேயே படுத்துக் கிடந்து அச்சு மாற்றிக் கொடுத்தேன். மேகமலையில் ஒரு எஸ்டேட்டுக்குக் கொழுந்து மூட்டையைக் கம்பியில் இறக்கும் கப்பி கட்டினேன், அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். அளவு டேப்பில் உள்ள கோடு தெரியும், மற்றபடி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள்.

இத்தனைக்கும் மேலே, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கை காட்டத் தெரியாத ஊரில் ஒரு கப்பல் கட்டினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்த எதிலும் என் பேர் கிடையாது. ஜீப்பில் கம்பெனி பேர் இருக்கும், கண்ணாடியில் குலசாமி பேர் இருக்கும், பின்னால் ஓனருடைய பிள்ளைகள் பேர் இருக்கும். பாடி கட்டியவன் பேரை எழுத எவனுக்கும் தோன்றாது. வயது எழுபதைத் தாண்டின பிறகு இது எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுக்கிற டீச்சரம்மா என் பட்டறைக்கு வந்தார். பள்ளி ஆண்டு விழா ஊர்வலத்துக்குப் பழைய கிரேக்கக் கப்பல் ஒன்று வேண்டும், டிராக்டரில் இழுத்துப் போகிற மாதிரி. போனில் படம் காட்டினார். மூன்று அடுக்காகத் துடுப்பு. நிஜக் கப்பலில் நூற்றெழுபது துடுப்பாம். நமக்கு முப்பது போதும் என்றார்.

“செய்யிறேன் டீச்சர். ஆனா என் பேர கப்பல்ல எழுதணும். பெருசா எழுதணும்.”

“கண்டிப்பா எழுதுவோம்யா” என்றார். நான் கேட்ட ஒரே நிபந்தனை அதுதான். கப்பல் ஊர்வலம் போய்ச் சேர்ந்தால் என் பேர் ஏறும். போகாவிட்டால் இந்தப் பிறவியில் ஏறாது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

என் பட்டறை உத்தமபாளையம் தாண்டி ஆற்றோரம் இருக்கிறது. முன்பக்கம் ரோடு, பின்பக்கம் தகரம் அடிக்காமல் திறந்து கிடக்கும், காற்றுக்காக. ஆனி ஆடியில் குமுளிக் கணவாயிலிருந்து இறங்குகிற காற்றை இந்தப் பக்கத்து ஆள்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலின் வால் உயரமாக வளைந்து நிற்கும், அதை வெல்டு வைக்க முன்பக்கத்து உயரம்தான் தோதாக இருந்தது. ஆகவே மூக்கு ஆற்றைப் பார்த்து அமைந்துவிட்டது. வேறு ஒரு காரணமும் இல்லை.

டிரெய்லர் சேஸிஸ் மேலே இரும்புக் குழாயில் எலும்பு கட்டி, பிளைவுட் போர்த்தினேன். துடுப்புக்கு எஸ்டேட்டில் மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரம், கனமில்லாதது. எதிரிக் கப்பலை முட்டிக் கிழிக்க மூக்கில் வெண்கல அலகு இருக்கும் என்றார் டீச்சர். ஒரு பழைய கலப்பைக் கொழுவைப் பற்றவைத்துப் பித்தளைக் கலர் அடித்தேன். அடி வரிசைத் துடுப்பு ஓட்டைகளில் தண்ணீர் ஏறாமல் தோல் உறை மாட்டுவார்களாம். நான் லாரி டியூபை வெட்டி மாட்டினேன். பார்த்தவர்கள் தோல் என்றே நினைத்தார்கள்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. துடுப்பு போடுகிற எல்லாரும் வாலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. மேல் வரிசைக்காரனுக்காவது வானம் உண்டு. நடு வரிசைக்காரனுக்கு ஆள் முதுகு. அடி வரிசைக்காரனுக்கு அதுவும் இல்லை, இருட்டு, மேலே இருக்கிறவன் கால், வியர்வை. நாயனச் சத்தத்தை வைத்துத்தான் இழுக்க வேண்டும். அந்த ஊரிலும் நம் நாயனம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற குழல்தானாம்.

துடுப்பு போட ஆள் வேண்டுமே. பையன்களை டிராக்டர் கப்பலில் ஏற்றப் பள்ளியில் சம்மதிக்கவில்லை. மழையில் மலைக்கு டிரிப் இல்லாமல் இருந்த ஜீப் டிரைவர்கள், வாழைத்தார் சுமக்கிறவர்கள், என் பட்டறை ஆள்கள் என்று முப்பது பேரைச் சேர்த்தேன், ஊதுவதற்கு ஒரு நாயனக்காரரையும். இவர்களா என்று நான் கொஞ்சம் கூசினேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்த ஏதென்ஸ் ஊரிலும் இப்படிப்பட்ட ஆள்கள்தான் துடுப்பு போட்டார்கள் என்றார். நிலம் இல்லை, குதிரை இல்லை, கவசம் வாங்க வழியில்லை, இரண்டு கை மட்டும் உண்டு. பாரசீக ராஜா கடல் நிறையக் கப்பலோடு வந்தபோது, சலாமிஸ் என்கிற குறுகின கடலில் அவனை இழுத்துவிட்டு முட்டி முறித்தது இவர்கள் கைதான். அதற்கப்புறம் இவர்களைச் சபையில் ஓரமாக உட்காரச் சொல்ல எவனாலும் முடியவில்லை. ஊரைக் காப்பாற்றின கை, ஓட்டுப் போடவும் தூக்கின கை.

“அங்கன பொம்பளைகளுக்கும் ஓட்டு உண்டா டீச்சர்?” என்று கேட்டார் என் பட்டறை வெல்டர்.

“இல்ல. நான் இங்கன நின்னு பாடம் சொல்றேன், அங்கன இருந்தா வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாக” என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பல்களுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கண் உண்டு, கப்பல் தானே வழி பார்த்துப் போகும் என்று. பெயின்ட் வேலையெல்லாம் உத்தமபாளையத்து பாய்தான். என் ஜீப்புகளுக்கு முப்பது வருஷமாக அவர்தான் கலர். கப்பலுக்குக் கருப்பு அடித்தார், ஓரத்தில் அலை போட்டார். கண் என்றதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். “கண்ணு மட்டும் நம்ம வரையிறதில்ல மொதலாளி. கோவிச்சுக்காதீக.” அது அவர் மார்க்கம், நான் வற்புறுத்தவில்லை. வெல்டர் குறுக்கே வந்து, அய்யனாருக்குக் குதிரை செய்கிற வேளாரைக் கூப்பிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு, எதிரில் கண்ணாடி காட்டி, கன்றும் பசுவுமாக நிறுத்தித்தான் கண் திறக்க வேண்டும் என்றார். முதலில் எதைப் பார்க்கிறதோ அது அதற்குள் போய்விடுமாம். ஆனால் வேளார் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்கிற வேலையில் இருந்தார், ஆடி முடியாமல் வர முடியாது. விழாவோ ஆடி நடுவில்.

தேருக்கே அச்சு மாற்றினவனுக்கு இரண்டு கண் வைக்கத் தெரியாதா. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்தபோது நானே வெள்ளை அடித்து நடுவில் கருப்பு வைத்தேன். நல்ல கண். இன்றைக்கும் சொல்வேன், அதைவிட நல்ல கண் எவனும் வைக்க முடியாது. வைத்து முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, அது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். பட்டறைக்குப் பின்னால் ஆறு வளைகிற இடம் மேலே பார்த்தால் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும். அங்கே போனவர்களில் சிலர் கீழே மதகில் கிடைப்பார்கள். சிலர் கிடைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் நான்தான் பட்டறையைத் திறந்தேன். முப்பது துடுப்பையும் முந்தின நாள் மட்டமாகத் தூக்கிக் கட்டியிருந்தோம். எல்லாம் தண்ணீரில் முக்கின மாதிரி இறங்கியிருந்தன, ஒரே சாய்வில். காற்று என்றேன். காற்றேதான். ஆனால் காற்று கயிற்றை அறுத்துத்தான் பார்த்திருக்கிறேன், முடிச்சை அவிழ்த்துப் பார்த்ததில்லை.

ஒத்திகை தொடங்கியது. அடி வரிசையில் மூக்குக்கு ஒட்டின இருக்கையில் தார் சுமக்கிற ஆள் ஒருத்தன் இருந்தான். இரண்டாம் நாள் இறங்கி வந்தவன் வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இருக்கை ஈரமாக இருக்கிறதாம். நகர்ந்து உட்கார் என்று யாரோ அவனை ஒதுக்குகிற மாதிரி இருக்கிறதாம்.

“ஏலே, காலையில என்னத்தக் குடிச்சிட்டு வந்த?” என்றேன்.

“குடிச்சிருந்தா உக்காந்திருப்பேன் மொதலாளி. குடிக்காமத்தான் எந்திரிச்சு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், வரவில்லை. வேறு எவனும் அந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்றான். சரி, ஒரு துடுப்புதானே, காலியாக இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாயனம் எழுந்தது. துடுப்புகள் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒரு பெரிய பூரான் நடக்கிற மாதிரி. அடி வரிசையில் அந்தக் காலி இருக்கையின் துடுப்பும் கூடவே போய்க்கொண்டிருந்தது. கையைத் தூக்கி நாயனத்தை நிறுத்தினேன். எல்லாத் துடுப்பும் நின்றது. அது மட்டும் ஆரம்பித்த இழுப்பை முடித்துவிட்டு நின்றது.

நான் பயந்தவன் இல்லை. உள்ளே குனிந்து போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்துத் துடுப்பின் வார் இதில் சிக்கி இழுத்திருக்கலாம். சிக்கவில்லை. கைப்பிடியில் கைச்சூடு இருந்தது. இப்போதுதான் விட்டுவிட்டுப் போன கைச்சூடு. அதற்குப் பின்னால் இருந்த இருக்கையில் கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் திறந்த மறுநாள், அவருடைய அண்ணன் இந்த வளைவில்தான் போனார். உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவர்கள் அம்மா காரியம் செய்ய விடவில்லை. திதி இல்லை, படத்துக்கு மாலை இல்லை. அந்த வீட்டில் அவர் செத்தவரும் இல்லை, இருப்பவரும் இல்லை.

டீக்குடிக்கிற நேரத்தில் டீச்சரிடம் ஆள்கள் கேட்டார்கள், அந்தத் துடுப்புக்காரர்கள் கதை கடைசியில் என்ன ஆனது என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். பின்னாளில் ஏதென்ஸுக்கு ஆள் பஞ்சம் வந்து, அடிமைகளைக்கூட விடுதலை கொடுத்துத் துடுப்பில் உட்கார வைத்து, அர்கினுசே என்கிற தீவுப் பக்கம் ஒரு பெரிய சண்டை ஜெயித்தார்களாம். உடைந்த கப்பல்களில் தொங்கிக்கொண்டும் மிதந்துகொண்டும் ஆள்கள் இருந்தார்கள், செத்தவர்களும் மிதந்தார்கள். புயல் வந்துவிட்டது என்று தளபதிகள் அவர்களை எடுக்காமல் வந்துவிட்டார்கள். ஊர் கொந்தளித்தது. சபை கூடி, இரண்டு ஜாடி வைத்து, ஒவ்வொருத்தனும் போய் ஓட்டுப் போட்டான். ஆறு தளபதிகளைக் கொன்றார்கள், ஜெயித்து வந்தவர்களை. கொன்ற பிறகு, ஐயோ தப்புப் பண்ணிவிட்டோமே என்று வருந்தினார்கள்.

ஜீப் டிரைவர் கேட்டார். “தளபதிகள விடுங்க டீச்சர். தண்ணியில கெடந்தவகள அப்பறமாச்சும் எடுத்தாகளா?”

டீச்சர் சொன்னார். “எடுத்ததா நான் படிக்கலப்பா.”

ஆள்கள் டீக்கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் ஒருத்தனும் கப்பலில் ஏறவில்லை. வெல்டர்தான் முன்னால் வந்தார். என்னிடம் பதினெட்டு வருஷம் வேலை பார்க்கிறவர், நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கப்பல் பார்க்கக் கூடாததைப் பார்த்துக் கண் திறந்துவிட்டது, கண்ணை அழித்து மூட வேண்டும், வேளார் வந்து முறையாகத் திறக்கும் வரைக்கும் கப்பல் நகரக் கூடாது என்றார். கண் மூடினதை இழுத்துப் போவது அதைவிடக் கெடுதலாம். அப்படியென்றால் விழாவுக்குப் போகாது. என் பேரும் போச்சு.

“இது என் கப்பல்” என்றேன்.

“கட்டுனது நீங்க. போடுறது நாங்க. போடுறவனுக்கு ஓட்டு உண்டுன்னு டீச்சர் சொன்னாகல்ல? ஓட்டுக்கு விடுங்க.”

“அப்ப எனக்கு ஒரு ஓட்டு.”

“நீங்க எந்தத் துடுப்பு போட்டீக மொதலாளி?”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஓட்டு இல்லாமல் போனது அப்படித்தான். இந்தப் பள்ளத்தாக்குக்கே வண்டி கட்டிக் கொடுத்தவனுக்கு, சொந்தப் பட்டறையில் ஓட்டு இல்லை. நான் அந்த ஆறு தளபதிகளை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பிரைமர் டப்பாக்களை ஒரு பிளைவுட் மறைப்புக்குப் பின்னால் வைத்தோம். ஒன்று போகலாம், ஒன்று கூடாது. துடுப்புக்காரர்கள் இருபத்தொன்பது பேர், நாயனக்காரரும் கப்பல் ஆள்தான் என்று அவரைச் சேர்த்து முப்பது. பாய் துடுப்புக்காரர் இல்லை, யாருக்கும் சாய மாட்டார், அவரைத்தான் எண்ணச் சொன்னார்கள். அவர் காலையிலேயே ஆற்றோரம் முப்பது கூழாங்கல் பொறுக்கி, தகரத்தில் வெயிலில் காயப்போட்டிருந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தகரம் காலியானதை எல்லாரும் பார்த்தோம்.

போடுவதற்கு முன்னால் ஜீப் டிரைவர் பேசினார். யாரையும் பார்க்காமல், கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எங்கண்ணன எல்லாரும் ரெண்டு நா தேடுனாக. அப்பறம் அவக அவக வேலையப் பாக்கப் போயிட்டாக. நானும் போயிட்டேன், வண்டிக்கு டிரிப் இருந்துச்சு. இத்தன வருஷத்துல அந்த எடத்த நின்னு பாத்தது இந்தக் கப்பல் ஒண்ணுதான். அதோட கண்ண எதுக்குய்யா மூடணும்? பாக்கட்டும்.”

நானும் டீச்சரும் ரோட்டுப் பக்கம் டீக்கடையில் நிறுத்தப்பட்டோம், நான் உள்ளே கை வைத்துவிடக் கூடாது என்று. அங்கே நின்றாலும் கல் டப்பாவில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று விழும், ஆள் வருவான், அடுத்தவன் போவான். முப்பதாவது ஆள் வெளியே வந்த பிறகு, மறைப்புக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது, இன்னொரு சத்தம் கேட்டது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

எங்களை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாய் டப்பாக்களைத் தகரத்தில் கவிழ்த்தார். கூடாது, பதினைந்து. போகலாம் என்கிற கற்களை எண்ணினார், நிறுத்தினார், திரும்ப எண்ணினார். பதினாறு. அதில் ஒரு கல் நனைந்திருந்தது. பாசி பிடித்த கல். அதை உள்ளங்கையில் எடுத்தபோது தண்ணீர் அவர் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அன்றைக்குச் சாரல்கூடக் கிடையாது.

“மொதலாளி எவனுக்கோ ரெண்டாங்கல்லு குடுத்திருக்காரு” என்றார் வெல்டர். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. ஒரு கல் கூடிவிட்டதால் இது செல்லாது, திரும்பப் போடலாம் என்றார் டீச்சர். நியாயம்தான். ஆனால் அந்தக் கற்களைத் தொட ஒருத்தனும் முன்வரவில்லை. ஜீப் டிரைவர் பாய் கையிலிருந்து ஈரக்கல்லை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை நனைந்து கருத்தது. “போவோம்” என்றார். வெல்டர்தான் முதலில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

விழா அன்றைக்கு மத்தியானம் கப்பலை வெளியே எடுத்தோம். நாயனக்காரர் வாலில் நின்று ஊத, ரோட்டோரம் ஜனம் கூடி, பஸ்ஸெல்லாம் நின்று வழிவிட்டது. அடி வரிசையின் காலித் துடுப்பு மற்றவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அதற்கும் ஏதோ மிஷின் வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஆள்கள் கைதட்டினார்கள். நான் மறுக்கவில்லை. ஆற்றுப் பாலம் வந்தபோது, யாரும் சொல்லாமலே எல்லாரும் துடுப்பை நிறுத்தினார்கள். நாயனமும் நின்றது. அந்தத் துடுப்பு மட்டும் பாலத்தின் கடைசி வரைக்கும் மெதுவாகப் போட்டுக்கொண்டே வந்தது. பாலம் முடிந்ததும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கம்பம் வரைக்கும் எதிர்க்காற்று அப்படி அடித்தும் அது அசையவில்லை. நான் இறங்கிப் போய்க் கைப்பிடியைத் தொட்டேன். வெறும் மரம், சில்லென்று இருந்தது.

அந்த ஆடி அமாவாசைக்கு ஜீப் டிரைவர் தன் அம்மாவைத் திதி கொடுக்கச் சுருளித் தீர்த்தத்துக்கு அழைத்துப் போனார். அம்மா முதல் தடவையாக ஒத்துக்கொண்டது. எள்ளும் தண்ணீரும் விட்டு, அந்தக் கல்லையும் அங்கே விட்டுவிட்டு வந்தார்கள்.

கப்பல் இப்போது பள்ளி ஹாலில் நிற்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மாணவர்களின் கைவண்ணம் என்று போட்டிருக்கிறது. கப்பலிலும் என் பேர் இல்லை. எந்த மாணவன் ஒரு ஆணி அடித்தான். பேரை எழுதுவதற்குள் டீச்சரம்மா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், அவர் இருந்தால் இப்படி நடந்திருக்காது. கப்பலின் கண் மட்டும் நான் வைத்தபடியே இருக்கிறது, பாய் சுற்றி அடித்த கருப்பு மங்கியும் அது மங்கவில்லை. ஜன்னல் வழியாக எதையும் பார்க்கவில்லை. மூடாத கண்ணோடு ஓய்ந்து நிற்கிறது.

ஆகவே பள்ளி நிர்வாகத்துக்கு இதைச் சொல்கிறேன். அந்தப் பலகையை எடுங்கள். கட்டினவன் என்று என் பேரை முதலில், பெரிதாக எழுதுங்கள். அதற்குக் கீழே துடுப்பு போட்ட இருபத்தொன்பது பேரையும் நாயனக்காரரையும் எழுதுங்கள், எனக்கு ஓட்டு இல்லை என்று சொன்ன வெல்டர் பேரையும் விடாமல். அவர்கள் பேருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட வேண்டும், அதில் யார் பேரும் எழுதக் கூடாது. அந்தக் கல்லை நான் போட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கும் இதுதான் பதில். போட்டவருக்கு உரியது அந்த வரி. எனக்கு உரியது முதல் வரி. அதைக் கொடுங்கள்.